மாட்டின் குடற்புழுக்கள்: முட்டையைக் கண்டு இனம் அறிதல்

விடுதி உணவுக்கூடத்தில் என்னோடு அமரும் நண்பர்களுக்கு என் ஆய்வுப் பொருள் இன்னதென்று தெரிந்த நாள்முதல் ஒரு கேலி நிலைத்துவிட்டது. ‘இன்று எத்தனை எருமையின் சாணத்தைச் சோதித்தாய்?’ என்று ஒருவர் கேட்பார். மற்றொருவர் தம் தட்டைச் சற்று அப்பால் நகர்த்திக்கொள்வார். சங்க இதழுக்கு ஏதேனும் எழுதித் தருமாறு செயலாளர் கேட்டபோது, அக்கேலிக்கு விடையாக இதையே எழுதிவிடுவது என்று துணிந்தேன். உணவு முடித்தபின் படிக்குமாறு வேண்டுகிறேன்.

பசுவின் வயிற்றிலும் எருமையின் வயிற்றிலும் வாழும் புழுக்களை நாம் நேரே காண இயலாது. மாடு இறந்தபின் குடலைத் திறந்து பார்க்கலாம். ஆனால் அதனால் அந்த மாட்டுக்கு என்ன பயன்? புழு இடும் முட்டைகள் சாணத்தோடு வெளியே வருகின்றன. அம்முட்டையை நுண்ணோக்கியில் கண்டு, அதை இட்ட புழு எதுவென்று அறிகிறோம். கையெழுத்தைக் கண்டு எழுதினவரைச் சொல்வது போன்றது இது. சில கையெழுத்து ஒரே பார்வையில் ஆளைக் காட்டிவிடும். சில கையெழுத்தோ ஒரே திண்ணைப் பள்ளியில் பயின்ற பத்துப் பேருடையதாக இருக்கும். எந்த முட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்தறிவதே இக்கலையின் உயிர். கண்டதற்கு மேல் ஒரு பெயர் சொல்லிவிட்டால் அதன் பலனை அனுபவிப்பது நாம் அல்லோம், மாடும் மாட்டுக்காரரும்தாம்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடியே 25 லட்சம் மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒன்றிரண்டு உயிர்களை வைத்துக் குடும்பம் நடத்தும் எளியவர்களுடையவை. ஊரில் ‘பூச்சி மருந்து’ என்று ஒரே பெயரால் சொல்லுகிறோம். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் ஒரே மருந்து இல்லை. ஐவர்மெக்டின் உருண்டைப் புழுக்களைக் கொல்லும். தட்டைப்புழுவையும் நாடாப்புழுவையும் அது தீண்டுவதில்லை. டிரைகிளாபெண்டசோல் கல்லீரல் தட்டைப்புழுவைக் குஞ்சுப் பருவத்திலேயே அழிக்கும். ஆனால் அதன் உறவினராகிய இரைப்பைத் தட்டைப்புழு அம்மருந்துக்கு அசைவதில்லை. ஆகவே புழுவின் பெயரை அறிவது ஏட்டறிவுக்காக மட்டும் அன்று. தவறான பெயருக்கு வாங்கிய மருந்தின் விலை, பால்காரருக்கு விற்ற பல நாள் பாலின் விலையாகும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். சாணத்தை அப்படியே கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தால் வைக்கோல் நார்தான் தெரியும். ஆகவே முட்டையைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்றற்கொன்று எதிரானவை. முதலாவது மிதக்கவிடுதல். இனிக் கரையாது என்னும் அளவுக்குச் சமையல் உப்பைக் கரைத்த நீரின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.2. அந்நீரில் சாணத்தைக் கலக்கித் தேநீர் வடிகட்டியால் வடித்து, சோதனைக் குழாயின் விளிம்பு வரை நிரப்பி, மேலே மூடுகண்ணாடியை வைத்தால் உருண்டைப் புழுக்களின் இலேசான முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது படியவிடுதல். தட்டைப்புழுவின் முட்டை கனமானது; உப்புநீரில் எளிதில் மிதவாது, மிதந்தாலும் சுருங்கி உருக்குலையும். அதற்கு வெறும் நீரே போதும். கலக்கி, வடித்து, சில நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டி, மறுபடி நீர் ஊற்றி, நீர் தெளிவாகும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடியில் தங்கியதில் ஒரு துளி மெதிலீன் நீலம் சேர்த்தால் நார்களெல்லாம் நீலமாகிவிடும். கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டை மட்டும் பொன்னிறம் மாறாமல் நிற்கும். நீல வானத்தில் பொற்காசு கிடப்பது போன்ற அக்காட்சியை முதன்முதல் கண்ட அன்று நான் இரவு உணவையே மறந்தேன் என்றால் நம் நண்பர்கள் நம்பப்போவதில்லை.

உப்புநீர் முறையை மட்டும் செய்துவிட்டு ‘புழு இல்லை’ என்று எழுதிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வாறு எழுதினால் அது பாதி உண்மைதான்.

அளவைக் குறித்து ஒரு சொல். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். கண்ணருகு வில்லையில் பொருத்திய நுண் அளவுகோலால் இதை அளக்கிறோம். அளக்காமல் கண் மதிப்பால் பெயரிடுவதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒப்புவதில்லை, நானும் ஒப்பேன்.

பெரிய முட்டைகளிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டுச் சமவெளிகளில் காணப்படும் கல்லீரல் தட்டைப்புழு பாசியோலா ஜைஜாண்டிகா. அதன் முட்டை 150 முதல் 196 மைக்ரான் நீளமும் 90 முதல் 100 மைக்ரான் அகலமும் உடையது. ஒரு முனையில் சிறு மூடி இருக்கும். புழு பித்தக் குழாய்களில் வாழ்வதால் ஓடு பித்தநீரில் தோய்ந்து மஞ்சள் அல்லது பொன்னிறம் பெறுகிறது. உள்ளே மஞ்சட்கருவின் துகள்கள் ஓட்டை முழுதும் அடைத்துக்கொண்டிருக்கும். கருவின் உயிரணு எளிதில் தென்படாது. இரைப்பைத் தட்டைப்புழுக்களை ஆம்பிஸ்டோம்கள் என்பர். இவை ரூமன் எனப்படும் முதல் இரைப்பையின் சுவரில் சிவந்த மாதுளை முத்துகள்போல் ஒட்டி வாழ்பவை. இவற்றின் முட்டையும் பெரியது. ஒரு முனையில் மூடியும் உண்டு. ஆயினும் நிறம் வேறு. பித்தத்தில் தோயாத காரணத்தால் வெளிறிய சாம்பல் நிறமாக, கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். உள்ளே கருவணுவும் அதைச் சூழ்ந்த மஞ்சட்கரு அணுக்களும் தனித்தனியே தெரியும்.

பொன்னிறம் எனில் கல்லீரல், சாம்பல் எனில் இரைப்பை. முதலாண்டு மாணவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடம் இதுதான். மஞ்சள் விளக்கொளியுள்ள பழைய நுண்ணோக்கியில் இரண்டுமே பொன்னாகத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகையால் நிறத்தை மட்டும் நம்பாது உள்ளீட்டையும் நோக்குக.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்த புரட்டாசி மாதத்தில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரில் சாணம் சேகரித்துக்கொண்டிருந்தேன். வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் என்னை மருத்துவர் என்று எண்ணி நிறுத்தினார். ‘பேட்டா, ஊசி போட்டாயிற்றே, ஏன் இன்னும் கழிகிறது?’ என்று கேட்டார். அவருடைய இரண்டு எருமைக் கிடாரிகளில் ஒன்று அதற்கு முந்திய வாரமே இறந்துவிட்டது. மற்றது கட்டுத்தறியில் தலை தொங்க நின்றது. தாடையின் கீழ் நீர் கோத்து வீங்கியிருந்தது. கழிச்சல் நீராகப் பாய்ந்தது, நாற்றம் தாங்க இயலவில்லை. போட்ட ஊசி ஐவர்மெக்டின் என்று மருந்துக் குப்பி காட்டியது.

அதன் சாணத்தை அன்றே சோதித்தேன். உப்புநீரில் உருண்டைப் புழு முட்டைகள் மிகச் சில. அவ்வளவு துன்பத்துக்கு அவை காரணமாக இருக்க இயலா. படியவிட்டுப் பார்த்தேன், ஒரு தட்டைப்புழு முட்டையும் இல்லை. பொன்னும் இல்லை, சாம்பலும் இல்லை. பிறகு எஞ்சிய கழிச்சலை நுண்சல்லடையில் இட்டு நீர்விட்டுக் கழுவி, கறுப்புத் தட்டில் பரப்பிப் பார்த்தபோது, சில மில்லிமீட்டர் அளவே உள்ள வெளிர்சிவப்புத் துணுக்குகள் பல கிடந்தன. நுண்ணோக்கியில் ஒவ்வொன்றும் ஒரு சிறு கூம்பு. பின் முனையில் வட்டமான பெரிய உறிஞ்சி. அவை இளம் ஆம்பிஸ்டோம்கள்.

இதன் காரணம் எளிது. குளக்கரைப் புல்லோடு உட்சென்ற ஆம்பிஸ்டோம் முதலில் சிறுகுடலின் தொடக்கத்தில் புகுந்து, அங்கே சுவரைக் கௌவிப் புண்ணாக்கி வளர்கிறது. சில வாரங்கள் கழிந்தபின்னரே முதல் இரைப்பைக்கு ஏறிப்போய் முட்டையிடத் தொடங்குகிறது. அங்கு வாழும் முதிர்ந்த புழு பெரும்பாலும் பெருங்கேடு செய்வதில்லை. கொல்வது முட்டையிடாத இளம்பருவமே. ஆகவே, சாம்பல் முட்டைகள் நிறைந்த சாணத்தையுடைய எருமை நலமாக நிற்பதையும், ஒரு முட்டையும் இல்லாத சாணத்தையுடைய கிடாரி சாவதையும் நாம் காண்கிறோம். கால்நடை மருத்துவரிடம் அத்துணுக்குகளைக் குப்பியில் இட்டுக் காட்டினேன். அவர் ஆக்சிகுளோசனைடு கொடுத்தார். கிடாரி பிழைத்தது. இறந்துபோன முதற்கிடாரியின் சாணத்தை எவரும் பார்க்கவில்லை; அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல இயலாது.

பாசியோலாவிலும் இத்தகைய இடைவெளி உண்டு. பாசியோலா ஜைஜாண்டிகா உட்சென்று முட்டையிட ஏறத்தாழ 13 முதல் 16 வாரம் செல்லும். மேலும் முட்டைகள் பித்தப்பையில் தங்கி, அது சுருங்கும்போதெல்லாம் தொகுதியாக வெளிப்படுவதால், இன்று காணாதது நாளை காணப்படலாம்.

எருமை வைத்திருப்போர் வீட்டில் மிகவும் அஞ்சத்தக்க மற்றொன்று டாக்சோகாரா விட்டுலோரம். கன்றின் சிறுகுடலில் வாழும் வெண்மையான உருண்டைப் புழு. 30 சென்டிமீட்டர் வரை நீளும். இதன் முட்டையைக் கண்டவர் மறவார். ஏறத்தாழ உருண்டை வடிவம், 75 முதல் 95 மைக்ரான், தடித்த ஓடு, ஓட்டின் மேல் அம்மைத் தழும்புபோல் சிறு குழிகள். உள்ளே பிளவுபடாத ஒற்றை அணு. இம்முட்டையில் பெயரைப் பற்றிய ஐயமே எழுவதில்லை. ஐயமெல்லாம் காலத்தைப் பற்றியது. தாயின் தசையிலும் உறுப்புகளிலும் உறங்கிக் கிடக்கும் இளம்புழுக்கள் ஈன்றவுடன் விழித்து மடிக்கு வந்து, சீம்பாலோடும் பாலோடும் கன்றின் வயிற்றுக்குள் இறங்குகின்றன. மூன்று வார வயதில் கன்றின் சாணத்தில் முட்டை தோன்றும். நான்கைந்து மாதத்தில் புழுக்கள் தாமே வெளியேறிவிடும். அதற்குள் கன்று இருந்தால்தானே! முட்டையைக் கண்டபின் மருந்து கொடுப்பது காலங்கடந்த செயல். இரண்டாம் வாரத்திலேயே கொடுப்பது நன்று என்பது இதனால் விளங்கும். பெரிய மாட்டின் சாணத்தில் இம்முட்டையைத் தேடிப் பயனில்லை. ஆதலால், சாணம் யாருடையது, அதன் வயது என்ன என்று தெரியாமல் நுண்ணோக்கியில் கண் வைப்பது வீண்.

எளிதில் இனங்காணக்கூடியவை வேறு சில உண்டு, விரைந்து சொல்லிவிடுகிறேன். டிரைக்கூரிஸ் என்னும் சாட்டைப்புழுவின் முட்டை பழுப்பு நிறம்; எலுமிச்சம்பழத்தின் வடிவம்; இரு முனையிலும் தக்கைபோன்ற அடைப்பு. ஸ்டிராங்கைலாய்டிஸ் பாப்பில்லோசஸ் என்பதன் முட்டை சிறியது, 40 முதல் 64 மைக்ரான், ஓடு மெல்லியது, வெளிவரும்போதே உள்ளே இளம்புழு சுருண்டு கிடக்கும். மோனீசியா என்னும் நாடாப்புழுவின் முட்டைக்கு மூலைகள் உண்டு. மோனீசியா எக்ஸ்பான்சா எனில் முக்கோணம், மோனீசியா பெனெடனி எனில் நாற்கோணம். உள்ளே பேரிக்காய் வடிவ உறைக்குள் ஆறு கொக்கிகளுடைய கரு. சோற்றுப் பருக்கைபோன்ற நாடாப்புழுத் துண்டுகளைச் சாணத்தில் கண்டு மாட்டுக்காரர் பதறி ஓடிவருவர். கண்ணுக்குத் தெரியும் இப்புழு பெரும்பாலும் தீங்கற்றது. பதற வேண்டிய புழுக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். ஹீமாங்கஸ், டிரைக்கோஸ்டிராங்கைலஸ், கூப்பீரியா, ஈசோபேகோஸ்டோமம், பியூனோஸ்டோமம், மெசிஸ்டோசிர்ரஸ் எனப் பல உருண்டைப் புழுக்கள் ஒரு மாட்டின் வயிற்றிலேயே ஒன்றாய்க் குடியிருக்கும். இவை அனைத்தும் இடுவது ஏறக்குறைய ஒரே முட்டை: நீள்வட்டம், மெல்லிய வழவழப்பான ஓடு, உள்ளே பிளவுபட்ட சில அணுக்கள். இவற்றை ஒருங்கே ‘ஸ்டிராங்கைல் வகை முட்டை’ என்று எழுதுகிறோம். பாடநூல்களில் இவற்றுக்கும் அளவுப் பட்டியல் உண்டு. கூப்பீரியாவின் முட்டைக்குப் பக்கங்கள் ஒன்றற்கொன்று இணையாக இருக்கும். பியூனோஸ்டோமத்தின் முட்டைக்கு முனைகள் மழுங்கி, அணுக்கள் கருத்து, எண்ணிக்கையில் நான்கு முதல் எட்டாக இருக்கும். மெசிஸ்டோசிர்ரஸ் முட்டை சற்றுப் பெரியது, 95 முதல் 120 மைக்ரான். உண்மைதான். ஆனால் ஒன்றின் பேரளவு மற்றொன்றின் சிற்றளவோடு கலந்துவிடுகிறது. பத்து முட்டையில் ஒன்றை இன்னதென்று சொல்லலாம். எஞ்சிய ஒன்பதும் உடன்பிறந்தார்போல் நிற்கும். குளிர்நாட்டு நெமட்டோடைரஸ் மட்டும் 160 மைக்ரானுக்கு மேற்பட்ட பெரிய முட்டையால் தன்னைத் தானே காட்டிக்கொள்கிறது.

இவற்றைப் பிரிப்பதால் என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். எண்ணிக்கையின் பொருளே மாறிவிடும் என்பது விடை. ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டை என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. சிட்னியிலிருந்த மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கார்டன், விட்லாக் ஆகிய இருவர் ஆட்டுச் சாணத்துக்காக 1939-இல் வகுத்தது. கோடிட்ட இரண்டு அறைகளையுடைய கண்ணாடியில் முட்டையை எண்ணி, 3 கிராம் சாணத்தை 42 மில்லிலிட்டர் நீரில் கலந்திருந்தால், கிடைத்த எண்ணை 50-ஆல் பெருக்க வேண்டும். எட்டு முட்டை எனில் கிராமுக்கு 400. அந்த 400 பெரிதா, சிறிதா? ஹீமாங்கஸ் பெண்புழு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது. டிரைக்கோஸ்டிராங்கைலஸ் இடுவதோ நூறு, இருநூறுதான். ஆகவே அதே 400 முட்டை, ஒரு மாட்டில் சில புழுக்களையும் மற்றொரு மாட்டில் பெருங்கூட்டத்தையும் குறிக்கும். செய்யும் தீங்கும் வேறு. ஹீமாங்கஸ் இரத்தம் குடிப்பது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தைப் போக்கடிக்கும். ஆயிரம் புழு எனில் 50 மில்லிலிட்டர். வாரக்கணக்கில் பெருக்கிப் பார்த்துக்கொள்க.

மருந்துக்கு அடங்காமையும் இதில் சேரும். தயாபெண்டசோல் என்னும் மருந்து 1961-இல் வந்தது. 1964-லேயே அதற்கு அடங்காத ஹீமாங்கஸை ஆடுகளில் கண்டு அறிவித்தனர். அதன் வழிவந்த அல்பெண்டசோல் போன்றவற்றுக்கும் இன்று பல இடங்களில் அவை அடங்குவதில்லை. மருந்து கொடுத்த பின்னும் முட்டை வருகிறதென்றால், மிஞ்சி நிற்பது எப்புழு என்று அறிந்தாலன்றி அடுத்த மருந்தைத் தேர்வது இருட்டில் கைவிடுவதாகும்.

முட்டை சொல்லாததை முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு சொல்கிறது. சாணத்தை ஈரம் காயாமல் ஒரு குடுவையில் இட்டு 27 பாகை வெப்பத்தில் ஏழு நாள் வைத்தால், முட்டை பொரிந்து மூன்றாம் பருவத்து இளம்புழுவாகும். 1917-இல் பேர்மான் வெளியிட்ட முறைப்படி, மெல்லிய துணியில் சாணத்தை முடிந்து வெதுவெதுப்பான நீர் நிரம்பிய புனலில் தொங்கவிட்டால், இளம்புழுக்கள் நீருள் நெளிந்து வெளிவந்து, மேலே நீந்தமாட்டாமல் புனலின் அடிக்கு இறங்கிவிடும். ஒரு துளி எடுத்து அயோடின் விட்டால் அவை இறந்து, நிறம் ஏறி, நேராக நிற்கும். அப்போது மூன்று இடங்களை நோக்க வேண்டும்: தலை, குடல், வால். இப்பருவத்தில் புழு தன் பழைய தோலைக் கழற்றாமல் உறையாகப் போர்த்திக்கொண்டிருக்கிறது. அவ்வுறை வாலுக்கு அப்பால் எவ்வளவு நீள்கிறது என்பதே முதல் அடையாளம். குட்டையாக முடிந்தால் டிரைக்கோஸ்டிராங்கைலஸ். நடுத்தர நீளம் எனில் ஹீமாங்கஸ் அல்லது கூப்பீரியா. கூப்பீரியாவின் தலையில் இரண்டு ஒளிப்பொட்டுகள் சிறு விளக்குகள்போல் மின்னும், ஹீமாங்கஸின் தலையோ ஒடுங்கியிருக்கும், அதன் உறையின் வால் பெரும்பாலும் சற்று மடிந்திருக்கும். சாட்டை நுனிபோல் நீண்டு மெலிந்தால் ஈசோபேகோஸ்டோமம் அல்லது பியூனோஸ்டோமம். அவ்விரண்டில் உடல் சிறியது, 600 மைக்ரானுக்கு உட்பட்டது, பியூனோஸ்டோமம். உறையே இல்லை, உணவுக்குழல் உடலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓடுகிறது எனில் ஸ்டிராங்கைலாய்டிஸ்.

இங்கும் நாம் அறிவது பெரும்பாலும் பேரினமே. ஹீமாங்கஸ் பிளாசியையும் ஹீமாங்கஸ் கண்டார்ட்டஸையும் இளம்புழுவை ஒரு பார்வை பார்த்துப் பிரிப்பேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஒதுங்கி நிற்பேன். மரபணு முறையால் அதைப் பிரிக்கலாம்; எங்கள் துறையிலும் செய்கிறோம். ஆனால் சிற்றூர் மருந்தகத்து மேசையில் இருப்பது நுண்ணோக்கிதான். அதனால் இயல்வதைச் செவ்வனே செய்து, இயலாததை ‘ஸ்டிராங்கைல் வகை’ என்று நாணாமல் எழுதுவது அறிவியலுக்கு இழுக்கன்று.

புழு அல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கன்றுகளுக்கு இரத்தக் கழிச்சல் உண்டாக்கும் ஐமீரியா ஓரணு உயிர். அதன் உறைமுட்டைகள் புழு முட்டையின் பக்கத்தில் தூசுபோல் சிறியவை. உருப்பெருக்கத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். மாட்டில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. இரண்டு மிகக் கொடியவை. ஐமீரியா சூர்னி உருண்டை, 15 முதல் 22 மைக்ரான், முனைத்துளை கிடையாது. ஐமீரியா போவிஸ் முட்டை வடிவம், 23 முதல் 34 மைக்ரான், ஒடுங்கிய முனையில் துளை உண்டு. பொட்டாசியம் டைகுரோமேட்டின் 2.5 விழுக்காட்டுக் கரைசலில் சில நாள் வைத்தால் ஒவ்வொன்றினுள்ளும் நான்கு சிற்றுறைகளும், சிற்றுறைக்கு இரண்டு வித்துயிர்களும் தோன்றும். அப்போது இனம் உறுதியாகும். பிலிப்பைன்ஸ் நாட்டுப் புக்கிட்னான் பகுதியின் பெயரைத் தாங்கிய ஐமீரியா புக்கிட்னானென்சிஸ் என்று ஒன்று உண்டு. பெரியது, தடித்த பழுப்பு ஓட்டில் ஆரக்கால்போன்ற கோடுகளுடன் பார்ப்பதற்கு மிக அழகானது. புதிய மாணவர் அதைக் கண்டவுடன் அதன் தோற்றப் பொலிவில் மயங்கி நோய்க்குக் காரணம் அதுவே என்பர். பக்கத்தில் ஒன்றுமறியாததுபோல் கிடக்கும் சிறிய சூர்னியே கன்றைக் கொல்வது.

ஏமாற்றுபவை இன்னும் பல. பூந்தாது முட்டைபோல் தோன்றும். காற்றுக் குமிழி ஐமீரியாபோல் தோன்றும், அதன் கரிய விளிம்பு அதைக் காட்டிக்கொடுக்கும். புல்லின் மயிர் புழுவேபோல் வளையும், ஆனால் உள்ளே குடல் இராது.

சாணத்தில் தேடிக் கிடைக்காத முட்டை ஒன்றைப் பற்றி நம்மவர் அறிவது தகும். தென்னாட்டில் மாடுகளின் மூக்கினுள் காலிப்பூப்போல் கட்டி வளர்ந்து, மூச்சுவிடும்போது குறட்டை கேட்கும் நோய் ஒன்று உண்டு. 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆராய்ந்த ஆனந்த நாராயண ராவ், மூக்கின் சளியை நுண்ணோக்கியில் நோக்கி, வளைதடிபோல் வளைந்த முட்டைகளைக் கண்டு, மூக்கின் இரத்தக் குழாய்களில் வாழும் சிஸ்டோசோமா நசாலே என்னும் தட்டைப்புழுவே அந்நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். இவ்வினத்தின் உறவினருள் சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் நெசவுக் கதிர்போன்ற முட்டையைச் சாணத்தில் விடுகிறது. சிஸ்டோசோமா இண்டிகம் நீள்வட்ட முட்டையின் ஒரு முனையில் முள் வைத்திருக்கிறது. இம்மூன்றுக்கும் மூடி கிடையாது. முட்டையின் வடிவமே பெயர் சொல்லும் இடம் இது.

தமிழில் எழுதும்போது இப்பெயர்களை ஏன் மொழிபெயர்க்கவில்லை என்று நம் இலக்கியத் துறை நண்பர் ஒருவர் கேட்டார். நுண்ணோக்கி, இளம்புழு, உறிஞ்சி என்பவற்றைத் தமிழில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். இனப்பெயர் அப்படியன்று; அது உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான ஒற்றைப் பெயர், ஆளின் பெயரைப்போல. கண்ணனை வேறு நாட்டில் வேறு பெயரால் அழைத்தால் மடல் போய்ச் சேராது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களில் வீட்டில் மாடு வைத்திருப்போர் சிலர் உளர். மாடு மெலிந்தாலோ கழிந்தாலோ, மருந்து கொடுப்பதற்கு முன்னர்ச் சாணத்தை அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கையுறை அணிந்து மாட்டின் ஆசனவாயிலிருந்தே எடுப்பது நலம். அது கூடாவிடில், சாணம் விழுந்தவுடன் மண் படாத மேற்பகுதியை அள்ளுக; தரையில் கிடந்ததில் மண்புழுக்களின் சிறு உறவினர் என்று மயங்கத்தக்க நிலவாழ் உருண்டைப் புழுக்கள் ஏறிவிடும். புட்டியைக் காற்றுக்கு இடமின்றி நிரப்பி மூடுங்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் ஸ்டிராங்கைல் முட்டைகள் பொரிந்துவிடும். பின்னர் எண்ணுவதற்கு ஒன்றும் இராது. பனிக்கட்டிமேல் வைக்கலாம், உறையவிடல் ஆகாது. புட்டியின்மேல் கன்றா கறவையா, வயது என்ன, எந்தக் குளத்தில் நீர் குடிக்கிறது, கடைசியாக எம்மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதி ஒட்டுங்கள். விடுமுறை முடிந்து திரும்பும்போது எனக்கென்று ஒரு புட்டி கொண்டுவருவதானால் மிக்க மகிழ்ச்சி. விடுதிக் குளிர்பெட்டியில் மட்டும் வைத்துவிட வேண்டா.